ஹெட்லியின் மோரிஸுக்கு ஒரு ரேடியோ

1994 ஜூன் 18, சனி

உருளைக்கிழங்குப் பாத்திக்கு மண் அணைத்து முடிப்பதற்குள் முட்டி பேச ஆரம்பித்துவிட்டது. பதினொரு மணிக்கு நோரா வந்தாள். என் மனைவி எட்னா கொடுத்த தேநீரைக் கையிலேயே வைத்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"ஹெட்லி வாயைத் திறந்து கேக்கமாட்டான். அதனால நான் கேக்கறேன். எங்க மோரிஸ் கார்ல ஒரு ரேடியோ வெச்சுக் குடுப்பியா?"

நோராவின் கணவன் ஹெட்லி முப்பது வருடம் பஸ் ஓட்டியவன். சர்க்கரை நோய் அவன் கண்ணை எடுத்துக்கொண்டு இரண்டு வருடம் ஆகிறது. அவனை உட்காரவைத்து ஓட்டுவதற்காகவே நோரா ஐம்பத்தெட்டாவது வயதில் கார் ஓட்டப் பழகினாள். மூன்றாவது தடவைதான் தேறினாள்.

"முன்னாடி எதையாவது பாத்துப் பேசிக்கிட்டே வருவான். எவன் சிக்னல் போடல, எவன் சுவர் சரிஞ்சு கிடக்குதுன்னு. இப்ப மூட்டை மாதிரி பக்கத்துல உக்காந்து வர்றான், செட்ரிக். கிரிக்கெட்டாவது கேட்டுக்கிட்டு வரட்டும்."

ஒரு காலைப் பொழுது வேலை என்று சொன்னேன். அவர்கள் மோரிஸ் மைனர் 1961இல் வந்தது. அந்தக் காலத்து நம் இங்கிலாந்து வண்டிகளில் பாட்டரியின் பிளஸ் முனைதான் வண்டியின் இரும்பு உடலோடு சேர்ந்திருக்கும். இன்றைய ரேடியோக்களுக்கு மைனஸ்தான் உடலோடு சேர வேண்டும். அப்படியே மாட்டினால் ரேடியோ செத்துவிடும். அதனால் முதலில் வண்டியின் மின் இணைப்பு முழுவதையும் பிளஸ் மைனஸாகத் திருப்ப வேண்டும். பழைய கார் சங்கத்தின் மாத இதழில் 'மின்சாரப் பக்கம்' எழுதுகிறவன் நான். இதைப் பற்றி இரண்டு முறை எழுதியிருக்கிறேன்.

நோரா போன பிறகு எட்னா சொன்னாள்: "உன்னை யாராவது ஏதாவது கேட்டுட்டா உன் உயரம் நாலு அங்குலம் கூடிடுது."

ஜூன் 19

மழை. முட்டி.

ஜூன் 25, சனி

நோரா ரேடியோவை வாங்கிவிட்டாள். ஸ்கிப்டன் சந்தையில், டெனிஸ் கிளெக்கின் கடையில். என்னைக் கேட்டுவிட்டு வாங்கியிருக்கலாம். டெனிஸ் தொலைபேசி நிலையத்தில் எனக்குக் கீழே எட்டு வருடம் இருந்தவன். ஆள் குறைத்தபோது அவனை அனுப்பினார்கள். இப்போது பழைய ரேடியோக்களைத் திறந்து சரிசெய்து விற்கிறான். கூடவே பாட்டரி, டார்ச், மின்விசிறி.

"கேசட்டும் போடலாமாம்," என்றாள் நோரா.

"டெனிஸ் சரிபண்ணதா? சரி, பாக்கலாம்," என்றேன். அவள் முகம் கொஞ்சம் சுருங்கியது. அதைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. இதை ஏன் எழுதுகிறேன்? உண்மை என்பதால்.

ஜூலை 2, சனி

வேலை முடிந்தது. நல்ல நாள்.

ஹெட்லி ஒரு நாற்காலியைப் போட்டு வண்டியின் மூக்குக்கு நேரே உட்கார்ந்துகொண்டான். நான் செய்வதை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னான். பாட்டரியைக் கழற்றித் திருப்பி வைத்தேன். பிளஸ் முனை கொஞ்சம் பருமன், பழைய பிடி பொருந்தாது, புதுப் பிடி போட்டேன். எஞ்சினுக்குப் பொறி தரும் காயிலின் இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றினேன்.

"வண்டியோட புஸ்தகத்தை எடுத்துட்டு வரட்டுமா?" என்று நோரா கேட்டாள்.

"எனக்கெதுக்கு புஸ்தகம்? ஆறு வண்டி பண்ணியிருக்கேன்."

அதற்குள் தேநீரும், பாலாடைக்கட்டி வைத்த பழக் கேக்கும் வந்தன. அறுபத்துமூன்றாம் வருடப் பனியில் நாங்கள் நான்கு பேர் மூன்று நாள் நிலையத்தை விட்டு வெளியே வராமல் ஊருக்கெல்லாம் தொலைபேசியை ஓடவிட்டதைச் சொன்னேன். ஹெட்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "டேய், போன தடவை சொன்னப்ப ரெண்டு நாள்னு சொன்ன!" அவன் சிரித்து எவ்வளவு நாள் ஆயிற்று என்று நோராவின் முகத்தில் தெரிந்தது.

பிறகு ரேடியோவை டாஷ்போர்டுக்குக் கீழே தொங்கவிட்டு, கம்பியை இழுத்து, முடுக்கினேன். முதல் திருப்பலிலேயே வர்ணனையாளர் குரல். ஹெட்லி கையை நீட்டி என் தோளைத் தேடிப் பிடித்தான்.

எஞ்சினைக் கிளப்பிப் பார்த்தோம். உடனே பிடித்துக்கொண்டது. மழை வந்துவிட்டதால் ஒரு நிமிடத்தில் அணைத்துவிட்டேன். டாஷ்போர்டின் சிவப்பு சார்ஜ் விளக்கு கொஞ்சம் பளிச்சென்று எரிந்தது. நோரா கேட்டாள்: "இது இப்படித்தான் எரியுமா?"

"ஓட்டினா அணைஞ்சிடும்," என்றேன்.

நாளைக்கு மதியம் மேட்டுப் பாதை வழியாக ஒரு சுற்றுப் போய்வரப் போகிறார்கள்.

ஜூலை 3, ஞாயிறு

வண்டி எரிந்துவிட்டது.

இருவரும் உயிரோடு இருக்கிறார்கள். முதலில் அதை எழுத வேண்டும்.

இரண்டே முக்காலுக்குத் தொலைபேசி. மேட்டுப் பாதையின் முதல் ஏற்றத்துப் பண்ணைக்காரர் பேசினார். எட்னா ஓட்ட, போனோம். வண்டி சுவரோரம் நின்றது. பானெட்டின் பெயின்ட் கொப்புளித்திருந்தது. பண்ணைக்காரர் ஈரக் கோணியும் வாளியுமாக நெருப்பை அணைத்திருந்தார். நோராவின் ஒரு கை முழுக்கக் கரி. ஹெட்லி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான், கம்பளி போர்த்தி. தொட்டாலே அரிக்கும் செடிப் புதரில் விழுந்து கன்னமெல்லாம் தடித்திருந்தது.

நான் பானெட்டைத் திறந்தேன். ஒரே பார்வை போதும். ஓடும்போது மின்சாரம் தரும் டைனமோவுக்கும் பாட்டரிக்கும் நடுவே ஒரு சின்னக் கருப்புப் பெட்டி உண்டு. அதன் உள்ளே தொடுமுனைகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டியிருந்தன. அங்கிருந்து போகும் பழுப்புக் கம்பி முழுக்க வெந்திருந்தது.

டைனமோவை நான் மறந்திருக்கிறேன்.

பாட்டரியைத் திருப்பிய பிறகு டைனமோவையும் திருப்ப வேண்டும். பாட்டரியிலிருந்து ஒரு கம்பி எடுத்து அதன் சின்ன முனையில் ஒரு நொடி தொட்டு எடுத்தால் போதும். ஒரு பொறி வரும். அவ்வளவுதான். செய்யாவிட்டால் அது பழைய திசையிலேயே மின்சாரம் தரும். மெதுவாக ஓடும்போது ஒன்றும் ஆகாது. ஏற்றத்தில் எஞ்சின் உறுமும்போது பெட்டிக்குள் தொடுமுனைகள் சேர்ந்துகொள்ளும், டைனமோவின் மின்சாரமும் பாட்டரியின் மின்சாரமும் ஒன்றாக ஒரே கம்பியில் பாயும். என் கையாலேயே இதை இதழில் எழுதியிருக்கிறேன். தேநீர் வந்தபோது அடுத்து அதைத்தான் செய்யவிருந்தேன்.

நோரா என் பின்னால் வந்து நின்றாள். "என்ன ஆச்சு செட்ரிக்? எதனால?"

"ரேடியோவா இருக்கும்," என்றேன்.

யோசித்துச் சொன்னது இல்லை. வாயில் தானாக வந்தது. ஆனால் வந்த பிறகு திருப்பி எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம்.

ஜூலை 4

சாப்பிடவில்லை. எட்னா வயிறு சரியில்லையா என்றாள். ஆமாம் என்றேன்.

ஜூலை 6, புதன்

எட்னாவோடு ஹெட்லியைப் பார்க்கப் போனேன். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்றுதான் போனேன், அதுதான் நிஜம்.

ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கன்னத் தடிப்பு வற்றிவிட்டது. அன்று நடந்ததைச் சொன்னான், யாருக்கோ நடந்ததைப் போல.

"முதல்ல வாடை வந்துச்சு. ரப்பர் கருகற வாடை. நோரா கத்தினா. வண்டி நின்னுது. அவ இறங்கி என் பக்கம் ஓடி வர்றதுக்குள்ள... செட்ரிக், எந்தப் பக்கம் நெருப்புன்னு எனக்குத் தெரியலடா. முன்னாடியா, காலுக்குக் கீழயா, ஒண்ணும் தெரியல. கதவுப் பிடியில கை வெச்சேன், அது சூடா இருந்தா என்ன பண்றதுன்னு எடுத்துட்டேன். அவ வந்து இழுத்துப் போடற வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தேன். முப்பது வருஷம் அம்பது பேரை ஏத்திக்கிட்டு ஓட்டினவன், கதவைத் திறக்கத் தெரியாம உக்காந்திருந்தேன்."

நான் அவன் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்குத்தான் நான் எங்கே பார்க்கிறேன் என்று தெரியாதே. அப்படியும் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இனி எந்த வண்டியிலும் ஏறமாட்டானாம். மருத்துவமனைக்கு வரச்சொன்ன தேதியையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

வாசலில் நோரா சொன்னாள்: "இன்னிக்குச் சந்தைக்குப் போய் அந்த ரேடியோவை டெனிஸ் மேசை மேலயே போட்டுட்டு வந்தேன். நாலு பேர் நடுவுல கேட்டேன், கொலைகாரா, கண்ணு தெரியாத மனுஷனை எரிக்கப் பாத்தியேன்னு. வாயடைச்சுப் போய் நின்னான்."

"நல்லா கேட்ட," என்று எட்னா சொன்னாள். என் மனைவி. அவளும் நம்பிவிட்டாள்.

ஜூலை 9, சனி

சங்கச் செயலாளர் பசில் தொலைபேசியில் பேசினார். எல்லோரும் மோரிஸ் எரிந்ததைப் பற்றித்தான் பேசுகிறார்களாம். "உங்க பக்கத்துல எச்சரிக்கையா நாலு வரி எழுதிடுங்க. உங்களைவிட இதுக்கு யார் இருக்காங்க?"

எழுதினேன். 'சந்தைகளில் விற்கப்படும், தகுதியற்றவர்கள் பழுதுபார்த்த ரேடியோக்களைப் பழைய வண்டிகளில் பொருத்துமுன் இருமுறை யோசியுங்கள்.' பெயர் போடவில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் சந்தையில் ரேடியோ விற்பவன் ஒருவன்தான்.

நன்றாக எழுதியிருக்கிறேன். வாக்கியம் சரளமாக ஓடுகிறது.

ஜூலை 15, வெள்ளி

இதழ் வந்தது. திறக்காமல் பழைய செய்தித்தாள்களுக்குக் கீழே வைத்தேன்.

ஜூலை 23, சனி

டெனிஸ் வந்தான்.

கதவைத் திறந்தபோது கையில் ஒரு அட்டைப் பெட்டியோடு நின்றான். எட்னா கடைக்குப் போயிருந்தாள். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. வாசற்படியிலேயே பெட்டியை வைத்துத் திறந்தான். அந்த ரேடியோ. முகப்பில் கரி. ஒரு சின்னப் பாட்டரியை அதோடு சேர்த்துக் கட்டியிருந்தான். பொத்தானை அமுக்கினான். யாரோ ஒரு பெண் பாடினாள், கணீரென்று.

"ஃபியூஸ்கூடப் போகல, மிஸ்டர் அக்ராய்ட்."

நான் குனிந்து முகப்பின் கரியை விரலால் துடைத்தேன்.

"இது தப்பா இருந்திருந்தா முதல்ல இதுதான் செத்திருக்கும். உங்களுக்கு இதை நான் சொல்லணுமா?"

"கம்பியில எங்கயாவது..." என்று ஆரம்பித்தேன்.

"கம்பியை மாட்டினது யாரு?"

பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, நல்ல பாட்டு என்று கையாட்டினார். டெனிஸும் திருப்பிக் கையாட்டினான். பிறகு ரேடியோவை அணைத்தான்.

"மூணு பேர் வாங்கின ரேடியோவைத் திருப்பிக் கொண்டுவந்துட்டாங்க. என் பொண்ணை ஸ்கூல்ல நெருப்புப் பொட்டின்னு கூப்பிடறாங்களாம். அன்னிக்கு வண்டியைத் திறந்து பாத்தது நீங்க மட்டும்தான். நான் பாக்கல, அதனால அடிச்சுச் சொல்ல என்னால முடியாது. உங்களால முடியும்."

போய்விட்டான். கோபமாகக்கூடப் பேசவில்லை. கோபமாகப் பேசியிருந்தால் கதவைச் சாத்தியிருப்பேன்.

ஜூலை 24

நான் என்ன திருடனா? வேண்டுமென்றே செய்தேனா? ஒரு தேநீர், ஒரு பேச்சு, ஒரு மறதி. யாருக்கும் வரக்கூடியது. மறதிக்கு வெட்கப்பட வேண்டியதில்லை. சரி, அது மறதி. மறுநாள் சொன்னது? ஒன்பதாம் தேதி எழுதினது? அதுவும் மறதியா செட்ரிக்?

அவன் பொண்ணு. எத்தனை வயசுன்னுகூடக் கேக்கல நான்.

ஜூலை 27, புதன்

எட்னா இதழைக் கண்டுபிடித்துவிட்டாள். அடுப்புக்குச் செய்தித்தாள் எடுக்கப் போனவள் பிரிக்காத உறையோடு வந்து என் முன்னால் வைத்தாள்.

"ஆறு வருஷமா இது வந்தா காலுல செருப்புக்கூட மாட்டாம ஓடிப் போய்ப் பிரிப்ப. உன் பக்கத்தை எனக்கு ரெண்டு தடவை படிச்சுக் காட்டுவ. இதை ஏன் ஒளிச்ச?"

சொன்னேன். முழுவதும். சிவப்பு விளக்கிலிருந்து.

அழுவாள் என்று நினைத்தேன், அல்லது திட்டுவாள் என்று. பாத்திரம் துலக்க எழுந்துபோனாள். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்: "அவங்ககிட்ட நீ போய்ச் சொல்றியா, நான் போகவா?"

"நான்தான்."

"எப்ப?"

"இந்த வாரம்."

"நான் நோராகிட்ட 'நல்லா கேட்ட'ன்னு சொன்னேன்," என்றாள்.

ஜூலை 30, சனி

போனேன். பீன்ஸ் கொண்டுபோனேன். இந்த வருடம் பீன்ஸுக்குப் பூச்சி அதிகம் என்று அரை மணி நேரம் பேசினேன். திரும்பி வந்தேன்.

எட்னா என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். அவள் தலையணையைப் பின்னறைக்கு எடுத்துப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 2, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

நோரா சமையலறை மேசையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். ஹெட்லி ஜன்னலோரம். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் மறுபடி பீன்ஸைப் பற்றிப் பேசிவிடுவேன் என்று பயம்.

"ரேடியோ இல்ல. நான்தான். டைனமோவைத் திருப்ப மறந்துட்டேன். விளக்கு அப்படிப் பளிச்சுன்னு எரிஞ்சப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும், நோரா கேட்டப்ப நான் பாத்திருக்கணும். பாக்கல. டெனிஸ் மேல ஒரு தப்பும் இல்ல."

பட்டாணி உரிக்கும் சத்தம் நின்றது.

ஹெட்லிதான் முதலில் பேசினான். "எப்பத் தெரியும் உனக்கு?"

"அன்னிக்கே. பானெட்டைத் திறந்த உடனே."

"நான் அப்ப எங்க இருந்தேன்?"

"சுவரோரமா. கம்பளி போத்திக்கிட்டு."

"எவ்வளவு தூரத்துல?"

"ஆறடி இருக்கும்."

"ஆறடி," என்றான்.

அதற்குமேல் ஏதாவது சொல்வான் என்று நின்றேன். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான், வெளியே எதையோ பார்ப்பவன் மாதிரி.

நோரா எழுந்தாள். "சந்தையில அத்தனை பேர் நடுவுல அவனைக் கொலைகாரன்னு சொன்னேன். அந்த மனுஷன் எனக்கு ரேடியோவைக் காட்டினப்ப, உங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு தெரியாதுன்னீங்களே, விரலால தடவிப் பாத்தா தெரியற மாதிரி பொத்தான் வெச்சதாப் பாத்து எடுத்துட்டு வரேன்னு உள்ள போய்த் தேடி எடுத்துக் குடுத்தான். அவனை நான்..." பட்டாணிக் கிண்ணத்தைத் தள்ளிவைத்தாள். "உன்னால, செட்ரிக். உன் பேச்சை நம்பி."

"தெரியும்."

"என்ன தெரியும் உனக்கு? எல்லாம் தெரியும் உனக்கு, அதானே உன் வியாதி!"

கொக்கியிலிருந்து என் கோட்டை எடுத்து என் கையில் கொடுத்தாள். நான் வாசலைத் தாண்டியபோது ஹெட்லியின் குரல் கேட்டது, மெதுவாக: "கதவைச் சாத்து நோரா. காத்து வருது."

காற்று இல்லை இன்று.

ஆகஸ்ட் 3, புதன்

டெனிஸின் கடைக்குப் போனேன். ஒரு அம்மாவுக்கு டார்ச் விற்றுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான், பிறகு அந்த அம்மாவிடம் மூன்று வகை டார்ச்சையும் ஒவ்வொன்றாக எரியவிட்டுக் காட்டினான். நான் நின்றேன். நிற்கத்தான் வேண்டும்.

சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன்.

"எக்ஸ்சேஞ்சுல எட்டு வருஷம் உங்க கீழ இருந்தேன்," என்றான். "ஒரு தடவையாவது 'அது நான் பண்ணது'ன்னு நீங்க சொல்லிக் கேட்டதில்ல. எப்பவும் வேற எவன் தலையிலயாவது போய் விழும். லிண்டன் தெரு கேபிளை வெட்டினது ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது. கேபிள் இடத்தைத் தவறாகக் குறித்த வரைபடம் என்னுடையது. திட்டு வாங்கியது அவன். அடுத்த வருடம் ஆள் குறைத்தபோது பட்டியலில் முதல் பெயர் அவனுடையது. இதை நான் இருபது வருடமாக நினைக்கவே இல்லை. இல்லை, இதுவும் பொய். அவ்வப்போது நினைத்திருக்கிறேன். நினைப்பு வரும்போது எழுந்து வேறு வேலை பார்ப்பேன்.

"என்ன பண்ணணும் சொல்லு," என்றேன்.

"மன்னிப்பெல்லாம் எனக்கு வேணாம். எங்க எழுதினீங்களோ அங்கயே எழுதுங்க. பேரோட."

ஆகஸ்ட் 5, வெள்ளி

எழுதி அனுப்பினேன். பசில் தொலைபேசியில் தயங்கினார். "ரொம்பக் கடுமையா இருக்கே செட்ரிக். 'ஒரு தவறு நேர்ந்துவிட்டது'ன்னு போட்டுக்கலாமே? சங்கத்துக்கும் கௌரவம்னு ஒண்ணு இருக்கில்ல."

"நேரல பசில். நான் பண்ணேன். அப்படியே போடுங்க."

இந்தப் பக்கத்தை இனி வேறு யாராவது எழுதட்டும் என்றும் சொன்னேன். அவர் வேண்டாம் என்று தடுப்பார் என ஒரு மூலையில் எதிர்பார்த்திருக்கிறேன் போல. "சரி, அதுதான் நல்லது," என்றார்.

ஆகஸ்ட் 15, திங்கள்

இதழ் வந்தது. வாசலிலேயே நின்று பிரித்தேன். எட்னாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன்.

'ஹெட்லி, நோரா தம்பதியின் மோரிஸ் எரிந்ததற்குக் காரணம் நான். டைனமோவைத் திருப்ப மறந்தேன். அதைத் தெரிந்துகொண்டே பழியை ரேடியோவின் மீது போட்டேன். திரு. டெனிஸ் கிளெக் விற்ற ரேடியோவில் எந்தக் குறையும் இல்லை. நெருப்புக்குப் பிறகும் அது வேலை செய்கிறது. போன மாதம் இந்தப் பக்கத்தில் நான் எழுதியது பொய். செட்ரிக் அக்ராய்ட்.'

"பொய்ங்கற வார்த்தையை விட்டுடலையா அவங்க? நல்லது," என்றாள் எட்னா. அவள் தலையணை திரும்பி வரவில்லை.

ஆகஸ்ட் 20

சங்கக் கூட்டத்துக்குப் போனேன். என் பக்கத்து நாற்காலி காலி. யாரும் கடுமையாக எதுவும் சொல்லவில்லை. ஒருவர் மட்டும், வைப்பர் மோட்டார் பற்றிக் கேட்க என்னை நோக்கி வந்தவர், பாதி வழியில் நினைவு வந்தவராகத் தேநீர் மேசைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

செப்டம்பர் 4

ஹெட்லி வீட்டு வாசலில் ஒரு பாத்திரம் நிறைய ப்ளம்ஸ் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் வந்தேன்.

செப்டம்பர் 7

பாத்திரம் திரும்பி வந்தது. கழுவியிருந்தது. சீட்டு எதுவும் இல்லை.

செப்டம்பர் 18, ஞாயிறு

நோரா டெனிஸிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டாளாம். சந்தையில், அதே இடத்தில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. டெனிஸ் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வீட்டில் மோரிஸுக்குப் புதுக் கம்பிகள் போடுகிறான். எட்னாதான் சொன்னாள். அவள் அங்கே போய்வருகிறாள். நான் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள்.

நானும் வந்து ஏதாவது பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டனுப்பலாமா? வேண்டாம். உதவி செய்ய வேண்டும் என்று துடிப்பது யாருக்காக? உன் முகத்தைக் கழுவிக்கொள்ளத்தானே?

அக்டோபர் 2

வண்டி தயார், அதே ரேடியோவையும் மாட்டியாயிற்று என்றாள் எட்னா. டெனிஸ் இரண்டு முறை மேட்டுப் பாதையில் ஓட்டிப் பார்த்துவிட்டான். நோராவும் ஓட்டிவிட்டாள். ஹெட்லி ஏறமாட்டேன் என்கிறானாம். கதவு வரை வருகிறான், பிடியில் கை வைக்கிறான், வியர்க்கிறது, உள்ளே போய்விடுகிறான்.

நான் செய்தது வண்டியை மட்டும் எரிக்கவில்லை.

அக்டோபர் 14, வெள்ளி

நோரா தொலைபேசியில். இரண்டரை மாதத்துக்குப் பிறகு அவள் குரல். வணக்கம், சௌக்கியம் எதுவும் இல்லை.

"ஹெட்லி சொல்லச் சொன்னான். நீ வந்து வண்டியில உக்காந்தா அவன் ஏறுவானாம்."

"நானா? நான் எதுக்கு?"

"அதை அவன்கிட்டயே கேளு. நாளைக்குப் பத்து மணி." வைத்துவிட்டாள்.

அக்டோபர் 15, சனி

ஒன்பதே முக்காலுக்கே போய் வாசலில் நின்றேன். தூறல்.

ஹெட்லி கோட்டும் தொப்பியுமாக நோராவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தான். இளைத்திருக்கிறான். நான் வந்துவிட்டேனா என்று கேட்டான். வந்துவிட்டேன் என்றேன்.

"நீ பின்னாடி உக்காரு. முதல்ல நீ ஏறு. நீ ஏறி உக்காந்த பிறகு நான் ஏறறேன்."

"ஏன் ஹெட்லி?"

"எரிஞ்சா நீயும் உள்ள இருக்கணும்னுதான்." சிரிக்கவில்லை. "மோரிஸ்ல பின்னாடி கதவு கிடையாது. என் சீட்டைத் தாண்டித்தான் நீ வெளிய வர முடியும். என்னைத் தள்ளிட்டு வருவியா, இல்ல கதவைத் திறந்துவிடுவியான்னு நான் தெரிஞ்சுக்கணும்."

நான் முன் இருக்கையை மடக்கிப் பின்னால் ஏறினேன். முட்டி தாடையைத் தொட்டது. அவன் ஏறினான். கதவை அவனே சாத்தினான், இரண்டு முறை திறந்து திறந்து சாத்திப் பார்த்த பிறகு. அவன் கழுத்துப் பின்புறம் முழுக்க வியர்வை. நான் என் கையை எடுத்து அவன் இருக்கையின் பக்கவாட்டில், கதவுப் பிடிக்கு எட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டேன். அவன் இடது கையால் தடவி அது அங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டான்.

நோரா கிளப்பினாள். மேட்டுப் பாதையில் முதல் ஏற்றம் வந்தபோது எஞ்சின் உறுமியது, அவன் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கின, வலிக்கும் அளவுக்கு. நான் அசையவில்லை. ஏற்றம் முடிந்தது. விரல்கள் கொஞ்சம் தளர்ந்தன.

ரேடியோவை அவனே போட்டான், தடவிப் பார்த்து. ஒருவர் ரோஜாச் செடிக்கு எரு வைப்பது பற்றி வெகு நேரம் பேசினார். மேலே, சமவெளி தொடங்கும் இடத்தில், அவன் சத்தத்தைக் குறைத்தான்.

"டேய் செட்ரிக். வெளிய என்ன தெரியுது?"

"தூறல். மேகம் கீழ இறங்கியிருக்கு. இடது பக்கம் ஆடுங்க."

"எத்தனை?"

"ஒரு நூறு இருக்கும்."

"எண்ணினியா?"

"இல்ல. சும்மா சொன்னேன்."

"எண்ணு."

நோரா வண்டியை ஓரமாக நிறுத்தினாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து எண்ணினேன். பாதியில் இரண்டு இடம் மாறின, மறுபடி ஆரம்பித்தேன். இருவரும் காத்திருந்தார்கள்.

"நாப்பத்தொண்ணு," என்றேன்.

"நாப்பத்தொண்ணு," என்று ஹெட்லி நோராவிடம் சொன்னான், அவளுக்குக் கேட்டிருக்காது என்பது போல. "சரி, போ."